பதினாலு ஓசி கம்ப்யூட்டரும் 61,700 ரூபாயும்

போன மாதம் கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். சென்னையில் ஒரு கம்பெனியில் பழைய கம்ப்யூட்டர் இருபது சும்மாவே தருகிறார்களாம். ஊர்ப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகவே கிடைக்கிற லினக்ஸ் சொல்லிக்கொடுக்கப் போகிறாராம். "அண்ணே, லாரிக்குச் சொல்லிரட்டுமா?" என்றார். "சொல்லிராதீங்க" என்றேன். அவருக்கு முகம் சுண்டிப்போனது போனிலேயே தெரிந்தது. பிறகு ஒரு மணி நேரம் அவரிடம் புலம்பித் தீர்த்தேன். அந்தப் புலம்பலைத்தான் கொஞ்சம் ஒழுங்குபண்ணி இங்கே எழுதுகிறேன். 2022-இல் எனக்கு இப்படிப் புலம்ப ஓர் ஆள் கிடைக்கவில்லை.

எனக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. 2020 ஊரடங்கில் ஊருக்கு வந்தவன் அப்படியே தங்கிவிட்டேன். ஊர், சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில், ஆற்றங்கரை ஓரமாக இருக்கிறது. ஆம்பிளைகளில் பாதிப்பேர் வயலில், மீதிப்பேர் கேரளாவில். பெண்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுவார்கள். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த நாளில் ஒரே போனை மூன்று பிள்ளைகள் பங்குபோட்டுப் பாடம் கேட்டதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. 2022 மே மாதம் பழைய சிநேகிதன் ஒருத்தன் கூப்பிட்டு, "ஆபீஸ்ல பதினாலு டெஸ்க்டாப்பு பழசுக்குப் போவுதுல, எடுத்துக்கிடுதியா?" என்றான். யோசிக்கவே இல்லை. லாரி பார்சலும் திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து ஊருக்கு லோடு ஆட்டோவும் சேர்த்து 9,800 ரூபாய் கொடுத்து இறக்கினேன். தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமிதத்தை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒன்றில்கூட ஹார்ட் டிஸ்க் இல்லை. கம்பெனிக் கணக்குவழக்கு அதில் இருக்கும் என்பதால் கழற்றிவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். அது நியாயமான வழக்கம், கேட்டுத் தெரிந்துகொள்ளாதது என் தப்பு. நாலில் எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே கரண்ட் பிரித்துக்கொடுக்கிற பெட்டி, செத்திருந்தது. ஐந்து பழைய பென்டியம் 4, அதுவும் 32 பிட் என்கிற பழைய தலைமுறைப் பிராசசர். அவை இன்றுவரை எங்கள் மாட்டுத்தொழுவில்தான் இருக்கின்றன. உங்களிடம் யாராவது தருகிறேன் என்றால் வாயைத் திறந்து கேளுங்கள்: என்ன பிராசசர், 64 பிட்டா, ராம் எத்தனை, ஹார்ட் டிஸ்க் உண்டா, வீடியோ காலில் ஒவ்வொன்றையும் ஆன் பண்ணிக் காட்ட முடியுமா? 32 பிட் என்றால் கும்பிடு போட்டுவிடுங்கள். லினக்ஸ் வகைகளில் உபுண்டு அதை எப்போதோ கைவிட்டுவிட்டது. கடைசி நம்பிக்கையாக இருந்த டெபியனும் 2025-இல் வந்த 13-ஆம் பதிப்போடு அதற்கு இன்ஸ்டாலர் தருவதை நிறுத்திவிட்டது. கோர் டூ டுவோ பிராசசர் பழசுதான், ஆனாலும் 64 பிட். ராமைக் கூட்டி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி மாட்டி, லுபுண்டு மாதிரி லேசான லினக்ஸைப் போட்டால் பிள்ளைகளுக்குத் தாராளமாகப் போதும். தேறிய ஒன்பதுக்கும் எஸ்எஸ்டிக்கு மட்டும் 10,800 ஆனது. இரண்டாம் கை ராம், எஸ்எம்பிஎஸ், கீபோர்டு, மவுஸ், இரண்டு மானிட்டர் என்று நெல்லை வண்ணாரப்பேட்டைக்கும் ஜங்ஷனுக்கும் பைக்கில் அலைந்ததில் மேலும் 13,800.

வகுப்புக்கு ஊர்ப் பொதுக் கட்டடம் ஒன்றைக் கொடுத்தார்கள். முன்பு உரம் அடுக்கி வைத்திருந்த இடம். முதல் நாளே ஒரு பையன் கேபினட்டைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான். "சார், சுள்ளுங்கு!" டெஸ்டரை வைத்தால் பல்ப் எரிகிறது. மூன்று பின் பிளக் பாயிண்ட் இருக்கிறது, எர்த்துக்கான அந்தப் பெரிய ஓட்டைக்குள் ஒயரே இல்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் ஊரில் நடமாடியிருக்க முடியாது. கிராமத்துப் பொதுக் கட்டடங்களில் எர்த்தை நம்பாதீர்கள். ஜிஐ பைப்பை இறக்கி, கரியும் உப்பும் போட்டுக் குழி எடுத்து, புது ஒயரிங்கும் செய்ய 7,200 ஆனது. கம்ப்யூட்டர் வாங்கும் முன்பு செய்யவேண்டிய செலவு இது. கரண்ட் கணக்கையும் முதலிலேயே போட்டுவிடுங்கள். பழைய மெஷினும் மானிட்டருமாக நூறு வாட்டுக்கு மேல் இழுக்கும். ஒன்பது ஓடினால் மணிக்கு ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை 1,200 ரூபாய் என் கையிலிருந்து போனது. என் மனைவி ஒருநாள் சொன்னாள்: "ஊருக்கு ஒழைங்க, வேண்டாங்கல. நம்ம வீட்டு மோட்டாரு ரெண்டு மாசமா ஓடல, அதையும் ஊர்க் கணக்குல சேத்துக்கிடுங்க."

ஆகஸ்டில் 31 பிள்ளைகளோடு ஆரம்பித்தோம். முதல் மூன்று வாரம் இன்டர்நெட் மாயம் காட்டியது. கூகுள் திறக்காது, விக்கிப்பீடியா திறக்காது, 'இணைப்பு பாதுகாப்பானதில்லை' என்று வரும். என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்திருந்தேன். சிம்மைச் சந்தேகப்பட்டேன், கேபிளை மாற்றினேன், ஸ்விட்சை மாற்றினேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எல்லாவற்றையும் அழித்து மறுபடி இன்ஸ்டால் பண்ணினேன். ஏழாவது படிக்கிற ஒரு பிள்ளை, "சார், இதுல தேதி 2008-னு காட்டுது" என்றபோதுதான் புத்தி வந்தது. மதர்போர்டில் ரூபாய் நாணயம் மாதிரி இருக்கிற சிமாஸ் செல் செத்துப்போனால் ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் தேதி பின்னால் போய்விடும். தேதி தப்பானால் பிரவுசர் எந்தத் தளத்தின் சான்றிதழையும் ஒத்துக்கொள்ளாது. செல் ஒன்று முப்பது ரூபாய், பெயர் சிஆர்2032. மூன்று வார விடுமுறை நாட்கள் அதில் போயின. பழைய மெஷின் எது வந்தாலும் முதலில் அந்தச் செல்லை மாற்றிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

இன்னொன்று, தானாக அப்டேட் ஆவதை நிறுத்திவையுங்கள். என் போனில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. ஒன்பது மெஷினும் ஒரே நேரத்தில் அப்டேட்டை இறக்க ஆரம்பித்து, வகுப்பு தொடங்கிய அரைமணியில் டேட்டா காலி. அப்புறம் ஒரு மெஷினில் மட்டும் ஏபிடி-கேச்சர்-என்ஜி போட்டேன். ஒரு தடவை இறங்கியதை மற்ற எட்டும் அதனிடமிருந்தே வாங்கிக்கொள்ளும். நெட் இல்லாமலே படிக்கவிடுகிற கிவிக்ஸில் தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கிவைத்தேன். விளையாட்டாகப் பாடம் பழக ஜிகாம்ப்ரி, படம் வரைய டக்ஸ் பெயிண்ட் இரண்டும் இருந்தால் சின்னப் பிள்ளைகளுக்கு நெட்டே தேவைப்படாது. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் வீடியோக்களில், எம்எஸ் ஆபீஸுக்குப் பதிலான இலவச லிப்ரே ஆபீஸ் பாடம் தமிழிலேயே இருக்கிறது. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் வருஷக்கணக்கில் ஓடும். ஒரு மெஷினை உங்களுக்குப் பிடித்தமாதிரி ஒழுங்குபண்ணிவிட்டு, குளோன்ஜில்லாவால் அதை அப்படியே நகல் எடுத்து மற்றவற்றில் இறக்குங்கள். ஒன்பதையும் தனித்தனியாக இன்ஸ்டால் பண்ணிய முட்டாள் நான்.

இத்தனை இழவுக்கும் நடுவில் சந்தோஷம் தந்தது தமிழ் தட்டச்சுதான். 1999-இல் அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையைச் சொல்லிக்கொடுத்தேன். உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யில் பெரும்பகுதி வலது கைக்கு. எழுத்து இரட்டிக்கிற இடத்தில் புள்ளிக்குத் தனியாக மெனக்கெட வேண்டாம், 'க'வை இரண்டு தடவை தட்டினால் அதுவே 'க்க' ஆகிவிடும். 'அக்கா' என்று எழுத நாலே தட்டு: அ, க, க, ஆ. அன்றைக்குப் பூராவும் அம்மா, அக்கா, அத்தான், சக்கரை, கத்திரிக்காய் என்று அடித்துத் தள்ளினார்கள். ஒரு பொடியன் தன் எதிரியைப் பற்றி அடித்ததை இங்கே எழுத முடியாது. ஒருநாள் ஒரு பையனின் அப்பா பென் டிரைவில் ஒரு மனுவைக் கொண்டுவந்தார், திறந்தால் பூராவும் ஆங்கில எழுத்துக் குப்பை. கடையில் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் அது தமிழே இல்லை. எந்த மெஷினில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரிகிற யூனிகோட் ஏன் வேண்டும் என்று நான் அரைமணி விளக்கியும் புரியாத பிள்ளைகளுக்கு அந்த ஒரு மனு புரியவைத்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அதை முழுக்கத் தமிழ்99-இல் திரும்ப அடித்துக் கொடுத்தார்கள்.

பொங்கல் முடிந்ததும் கூட்டம் குறைந்தது. 31 பேர் 19 ஆகி, கடைசியில் 11. வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "எம்எஸ் ஆபீஸ் சொல்லிக்குடுக்கலயாம்லா." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பெற்றோர் கூட்டம் போட்டு, 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை ஆரம்பித்தது, யாரும் திருத்திப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளின் நாலு சுதந்திரம், திருட்டு விண்டோஸ் ஏன் தப்பு என்று ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணினேன். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் கை நிற்காமல் பீடி சுற்றிக்கொண்டே கேட்டார்கள். முடிந்ததும் ஒரு அக்கா மெதுவாகக் கேட்டாள்: "சுதந்திரமெல்லாம் சரி தம்பி. இதப் படிச்சா டவுன்ல துணிக்கடையில பில்லு போடுத வேல கெடைக்குமா?" என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. அவள்மேல் கோபம் என்றுதான் நினைத்தேன், உண்மையில் என்மேல்தான்.

மறுவாரம் டவுனில் நாலைந்து கடைகளில் ஏறி இறங்கி, வேலைக்கு என்ன தெரிந்திருக்கவேண்டும் என்று விசாரித்தேன். கடைக் கணக்கு எழுதுகிற டேலி, எக்ஸெல், தமிழ் டைப்பிங். டிஎன்பிஎஸ்சியில் தட்டச்சர் வேலைக்கு என்றால் தொழில்நுட்பக் கல்வித்துறையின் சிஓஏ என்கிற அலுவலகக் கம்ப்யூட்டர் சான்றிதழ். செங்கோட்டை தாண்டிக் கேரளாவுக்குள் போனால் அரசுப் பள்ளிகளில் ஐடி பாடம் மொத்தமும் லினக்ஸில்தான். பாடப்புத்தகமும் அதை வைத்துத்தான், பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வும் அதில்தான். அதனால் அங்கே எந்த அம்மாவும் இந்தக் கேள்வியைக் கேட்கப்போவதில்லை. இங்கே பின்னால் நிற்க அப்படி ஒன்றும் கிடையாது, நான் ஒருத்தன்தான். ஆகவே கொள்கையில் கொஞ்சம் இறங்கி வந்தேன். என் சொந்த லேப்டாப்பை, ஒழுங்கான விண்டோஸ் உரிமத்தோடு இருந்தது, டேலிக்கும் எக்ஸெலுக்கும் என்று ஒதுக்கினேன். மற்றவற்றில் எக்ஸெல் மாதிரியான லிப்ரே ஆபீஸ் கால்க்கில் கூட்டலும், பட்டியலில் தேடி எடுக்கிற விலுக்அப்பும் பழகிவிட்டு அதில் வந்து உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் கை பிடித்துவிடுகிறது. இதற்காக என்னை ஏசுகிற லினக்ஸ் நண்பர்கள் உண்டு. அவர்கள் துணிக்கடையில் வேலை தேடவேண்டியதில்லை. நீங்கள் ஆரம்பிக்கும் முன்பே ஊரில் பத்து அம்மாமாரிடம், பிள்ளை என்ன படிக்கணும் என்று கேட்டுவிடுங்கள். எனக்கு அது ஆறு மாதமும் இருபது பிள்ளைகளும் போனபிறகுதான் தோன்றியது.

தன்னார்வலர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தால் வயிறு எரிகிறது. ஒரு கல்லூரியிலிருந்து ஆறு பேர் மூன்று சனிக்கிழமை வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். போட்டோ எடுத்தார்கள், சான்றிதழில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன், அப்புறம் வரவில்லை. அவர்கள் ஆரம்பித்துவைத்த பைத்தான் புரோகிராமிங் பாடம் 'ஃபார் லூப்'பில் நின்றது. ஒருநாள் வருகிறவருக்கு ஒருநாளில் முடிகிற வேலையைக் கொடுங்கள். எஸ்எம்பிஎஸ் தூசி ஊதுவது, கீபோர்டு கழுவுவது, ஒரே ஒரு படம் வரையச் சொல்லிக்கொடுப்பது, அவ்வளவு போதும்.

2023 செப்டம்பரில் எனக்கு டைபாய்டு. மூன்று வாரம் எழுந்திருக்கவில்லை, வகுப்பும் மூடிக் கிடந்தது. சாவி என்னிடம், பாஸ்வேர்டு என் தலைக்குள். கொஞ்சம் தேறி வாசலில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளத் துவையல் கொண்டுவந்தாள். ஒரு வருஷமாகத் தம்பியை வகுப்புக்குக் கூட்டிவந்து விட்டுவிட்டு, வெளிப் படிக்கட்டில் பீடித்தட்டோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளை. "சித்தப்பா, அந்த பாஸ்வேர்ட மட்டும் சொல்லிருந்தியன்னா நானே நடத்திருப்பேனே" என்றாள். விசாரித்தால் பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவள். சி, ஜாவா எல்லாம் படித்திருக்கிறாள். ஒரு வருஷமாக ஜன்னல் வழியாக என் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவளை ஒருநாளும், "உள்ள வாம்மா" என்றுகூடக் கூப்பிடவில்லை. அத்தனை பணம் போனதைக்கூட மற்றவர்களிடம் சொல்லிவிட்டேன், இதைச் சொல்ல இன்றும் நா எழவில்லை. அன்றைக்கே ஒரு கோடுபோட்ட நோட்டு வாங்கி, ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பக்கம், பாஸ்வேர்டு, என்ன பழுது, எப்படிச் சரியானது என்று அவள் கையாலேயே எழுதவைத்தேன். உங்கள் ஊரில் இப்படி ஒரு பிள்ளை நிச்சயம் இருக்கும், பெரும்பாலும் கல்யாணத்துக்குக் காத்திருக்கும். முதலில் அவளைத் தேடுங்கள். கூலி கொடுங்கள், சும்மா வேலை வாங்காதீர்கள். பீடி சுற்றுகிற நேரத்தை விட்டுவிட்டுத்தானே அவள் வரவேண்டும்? நான் மாதம் 2,500 கொடுக்கிறேன். கம்ப்யூட்டருக்கும் உதிரி பாகத்துக்கும் கொட்டியதைப் பார்த்தால் இது வீண் செலவே இல்லை.

அந்த டிசம்பர் 17, 18 நம் பக்கத்து ஆட்கள் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. இங்கே ஆறு ஊருக்குள் வந்தது. கட்டடத்தில் இரண்டடித் தண்ணீர், சிபியு ஒன்பதும் மேசைக்குக் கீழே தரையில். தண்ணீர் வடிந்த மறுநாள் போனேன். அழுகைதான் வந்தது. ஆத்திரத்தில் இரண்டை மட்டும் துடைத்துவிட்டு ஆன் பண்ணினேன், 'டப்' என்றது. அவ்வளவுதான், இரண்டும் போயின. தண்ணீரில் நனைந்ததை ஆன் பண்ணவே கூடாது. முதலில் சிமாஸ் செல்லைக் கழற்றவேண்டும், சேற்றை நல்ல தண்ணீரில் அலசவேண்டும், ஃபேனுக்கு அடியில் நாள்கணக்கில் காயவிடவேண்டும். அவள் பொறுமையாக மீதி ஏழையும் அப்படிப் பத்து நாள் காயவைத்ததில் மூன்று பிழைத்தன. எஸ்எஸ்டி ஒன்பதில் எட்டு நன்றாகவே இருந்தன. ஜனவரியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். யுபிஎஸ், ஸ்விட்ச், கேபிள், கரண்ட் பில் எல்லாம் சேர்த்து 61,700 ரூபாய். ஓடிய மெஷினுக்கு ஏறக்குறைய 6,850. ஓசி!

மூடிவிடலாம் என்று முடிவுபண்ணி அவளிடம் சொன்னேன். "எதுக்கு சித்தப்பா மூடணும்? எங்க வீட்டுப் பரண்லயே ஒண்ணு கெடக்கு" என்றாள். அரசு கொடுத்த லேப்டாப். 2011-இல் தொடங்கி பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்தார்களே, அதுதான். ஆரம்ப வருஷங்களில் வந்தவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. அதாவது நான் லாரி வைத்து லினக்ஸைக் கொண்டுவருவதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே அது எங்கள் ஊர்ப் பரணுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அவள் இரண்டே நாளில் தெருத்தெருவாகப் போய் 11 லேப்டாப் கொண்டுவந்தாள். பேட்டரி செத்ததால் கெட்டுப்போச்சு என்று தூக்கிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். சார்ஜரில் போட்டால் ஏழு ஓடின. வெள்ளத்தில் பிழைத்த எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டினோம், அளவு கனகச்சிதம். கரண்ட் பில் பாதிக்கும் கீழே இறங்கியது. வகுப்பு இப்போது அவர்கள் வீட்டுத் தார்சாவில், அதாவது முன்கூடத்தில், நடக்கிறது. வாரம் மூன்று நாள், 23 பிள்ளைகள். சனிக்கிழமை சாயங்காலம் அம்மாமாரில் நாலு பேர் வந்து உட்கார்ந்து செல்போனில் பணம் அனுப்புவதும் பட்டா பார்ப்பதும் பழகுகிறார்கள். நான் மாதத்துக்கு இரண்டு தடவை போனால் அதிகம். போன வாரம், ஆன் பண்ணியதும் லினக்ஸை எழுப்பிவிடுகிற 'கிரப்' புரோகிராம் ஒரு மெஷினில் கெட்டுப்போனதற்கு அவள் போன் பண்ணினாள்: "நாலாம் நம்பர்ல கிரப் போயிட்டு சித்தப்பா. சரி பண்ணியாச்சு, சும்மா சொல்லுதேன்."

கடையநல்லூர்த் தம்பி நேற்று மறுபடி கூப்பிட்டார். லாரிக்குச் சொல்லவில்லையாம். அவர் தெருவில் மட்டும் ஒன்பது லேப்டாப் கிடைத்திருக்கிறது, ஆறுக்குச் சார்ஜர் இல்லை. ஜங்ஷனில் ஐந்நூறு, அறுநூறுக்குக் கிடைக்கும். லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோங்கள், அடியில் ஒட்டியிருக்கிற சீட்டில் வோல்ட் எத்தனை என்று பார்த்து அதே வோல்ட்டில் வாங்குங்கள். ஆம்பியர் கூட இருந்தால் பாதகமில்லை, குறையக்கூடாது. பின்னை மாட்டிப் பார்க்காமல் காசு கொடுத்துவிடாதீர்கள்.